அநுராதபுரம் முதல் கண்டி வரை: வழிகாட்டியுடன் ஏழு நாள்

அநுராதபுரம், பொலன்னறுவை, கண்டி ஆகிய மூன்றும் இலங்கையின் பழைய தலைநகரங்கள். இவற்றுக்கு இடைப்பட்ட நிலப்பரப்பைச் சுற்றுலாத் துறையினர் கலாசார முக்கோணம் என்று அழைக்கின்றனர். மிகிந்தலையும் சிகிரியாவும் தம்புள்ளையும் இதே வட்டாரத்தில் உள்ளன. யுனெஸ்கோ 1982இல் அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா ஆகியவற்றையும், 1988இல் கண்டியையும், 1991இல் தம்புள்ளைக் குகைக் கோயிலையும் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஏழு நாள் கையில் இருந்தால் இவை அனைத்தையும் ஓட்டமின்றிப் பார்க்க முடியும். மூன்று, நான்கு நாளில் முடியும் தொகுப்புச் சுற்றுலாக்களில் பெரும்பாலும் அநுராதபுரம்தான் விடுபடுகிறது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் தலைநகராக இருந்த நகரை விட்டுவிட்டு மற்றவற்றைப் பார்ப்பதில் பொருள் குறைவு.

எந்த வரிசையில் செல்வது

பல பயணத் திட்டங்கள் கண்டியில் தொடங்கி வடக்கே ஏறுகின்றன. கொழும்பிலிருந்து கண்டி அருகில் என்பதே காரணம். வரலாற்றைப் புரிந்துகொள்ள விரும்பும் பயணி இதைத் தலைகீழாக்க வேண்டும். அநுராதபுரத்தின் தாதுகோபங்கள் என்னும் தூபிகளையும் கல்வேலையையும் முதலில் பார்த்தவருக்கே, பொலன்னறுவை எதைப் பின்பற்றியது, எதை மாற்றியது என்பது கண்ணில் படும்.

பொருத்தமான வரிசை இது:

1. முதல் நாள்: கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து நேராக அநுராதபுரம். சாலை வழியாக நான்கு, ஐந்து மணி நேரம். அன்று வேறு எதுவும் வேண்டாம்.
2. இரண்டாம் நாள்: அநுராதபுரம் முழு நாள்.
3. மூன்றாம் நாள்: விடியற்காலையில் மிகிந்தலை. பிறகு ஹபரணை அல்லது சிகிரியா சென்று தங்கல். அடுத்த இரண்டு இரவும் அறை மாறத் தேவையில்லை.
4. நான்காம் நாள்: பொலன்னறுவை சென்று மாலை திரும்புதல்.
5. ஐந்தாம் நாள்: காலையில் சிகிரியா, மாலையில் தம்புள்ளை.
6. ஆறாம் நாள்: மாத்தளை வழியாகக் கண்டி.
7. ஏழாம் நாள்: கண்டி. இரவு அங்கேயே, அல்லது கொழும்பு திரும்பல்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் பயணிகள் கப்பலில் வருவோருக்கு இந்த வரிசை இன்னும் வசதியானது. யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே வரும் ஏ-9 சாலையில் வந்தால் அநுராதபுரமும் மிகிந்தலையும்தான் முதலில் வருகின்றன. பருவநிலையைப் பொறுத்துக் கப்பல் நிறுத்தப்படுவதுண்டு என்பதால், திரும்பும் நாளுக்கு இரண்டு நாள் இடைவெளி வைத்துக்கொள்வது நல்லது.

எந்த மாதம், எந்த நாள்

இப்பகுதி உலர்வலயம். மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் ஜனவரி வரை, வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. பிப்ரவரி, மார்ச் மாதங்கள் பயணத்துக்கு ஏற்றவை. ஜூன் முதல் செப்டம்பர் வரையும் மழை குறைவுதான். ஆனால் வெயில் கடுமை.

மாதத்தைவிட முக்கியமானது போயா நாள். ஒவ்வொரு பௌர்ணமியும் இலங்கையில் அரசு விடுமுறை. அன்று வெள்ளை உடுத்திய பக்தர்கள் குடும்பம் குடும்பமாக விகாரைகளுக்கு வருவார்கள், மதுக்கடைகள் மூடியிருக்கும். ஜூன் மாதத்துப் பொசொன் போயா, மகிந்த தேரர் இலங்கைக்குப் பௌத்தம் கொண்டுவந்ததை நினைவுகூரும் நாள். அந்த வாரம் அநுராதபுரத்திலும் மிகிந்தலையிலும் பெருங்கூட்டம் திரளும். அறை கிடைப்பது அரிது. வழிபாட்டைக் காண விரும்புவோர் அந்த நாளையே தேர்ந்தெடுத்துப் பல மாதம் முன்பே அறையை உறுதிசெய்யலாம். கட்டடக் கலையைப் பார்க்க வருவோர் போயாவையும் அதை ஒட்டிய வார இறுதியையும் தவிர்ப்பது நல்லது.

வழிகாட்டியைத் தேர்வது

இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வழிகாட்டிகளுக்கு உரிமம் வழங்குகிறது. நாடு முழுவதும் செல்லக்கூடிய தேசிய வழிகாட்டி, வாகனமும் ஓட்டி விளக்கமும் தரும் சாரதி வழிகாட்டி, ஒரு வட்டாரத்துக்கோ ஒரு தலத்துக்கோ மட்டும் உரியவர் என்று பல வகையினர் உண்டு. சிறு குடும்பத்துக்குச் சாரதி வழிகாட்டி சிக்கனம். ஆனால் அநுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் அரை நாளுக்காவது தல வழிகாட்டி ஒருவரைத் தனியாக அமர்த்துவது செலவுக்கு ஏற்ற பலன் தரும்.

1. உரிம அட்டையைப் பார்க்க வேண்டும். அதில் வகையும் காலாவதி நாளும் இருக்கும்.
2. மொழியை முன்கூட்டியே பேச வேண்டும். தமிழ் பேசும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள், கேட்டால்தான் கிடைப்பார்கள்.
3. கட்டணத்தில் எரிபொருள், ஓட்டுநர் தங்கும் செலவு, நெடுஞ்சாலைக் கட்டணம் அடங்குமா என்பதை எழுத்தில் பெற வேண்டும். நுழைவுச்சீட்டு பெரும்பாலும் தனி.
4. மணிக்கல் கடை, வாசனைத் தோட்டம், மரச்சிற்பக் கூடம் ஆகியவை திட்டத்தில் வேண்டாம் என்றால் முதல் நாளே தெளிவாகச் சொல்ல வேண்டும். இத்தகைய கடைகளில் வழிகாட்டிக்குத் தரகு கிடைப்பது வழக்கம். அதற்காக ஒரு விகாரையில் செலவிட வேண்டிய நேரம் போய்விடக் கூடாது.
5. ஒவ்வொரு நாளும் புறப்படும் நேரத்தைப் பயணியே குறிக்க வேண்டும். பத்து மணிக்குச் சிகிரியா ஏறச் சொல்லும் திட்டத்தை ஏற்கத் தேவையில்லை.

வாசலில் ஓடிவந்து தம்மை வழிகாட்டி என்று சொல்பவர்களிடம் அட்டை இல்லையென்றால் மரியாதையாக மறுத்து நகர்வதே சரி.

நுழைவுச்சீட்டில் வெளிநாட்டவருக்கும் சார்க் நாட்டவருக்கும் கட்டணம் வேறு. இந்தியப் பயணி குறைந்த கட்டணச் சலுகையைப் பெறக் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும்; அறையில் வைத்துவிட்டு வந்தால் முழுக் கட்டணம் கேட்கப்படும். ஒரு நகரில் வாங்கிய சீட்டு அந்நகரின் எல்லா இடத்துக்கும் செல்லாது. அநுராதபுரத்தில் உள்ள இசுறுமுனியா விகாரைக்கும், அருகிலுள்ள மிகிந்தலைக்கும் தனிச் சீட்டு. கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் பயணத்துக்கு முந்தைய வாரம் இணையத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். நுழைவிசைவையும் அப்போதே பார்த்துவிடலாம்.

உடையும் நடத்தையும்

தமிழ்நாட்டுக் கோயில்களுக்குச் சென்று பழகியவருக்கு இவற்றில் பாதி புதிதல்ல. மீதிப் பாதியில்தான் தவறு நேர்கிறது.

தோளும் முழங்காலும் மறைய வேண்டும். வெள்ளை அல்லது வெளிர்நிற உடை சிறந்தது. செருப்போடு தொப்பியையும் கழற்ற வேண்டும். இது பலருக்கு மறந்துபோகும். மேல்கூரை இல்லாமல் இடிந்து கிடக்கும் கட்டடமானாலும், உள்ளே புத்தர் சிலை இருந்தால் அதே விதிதான். வெயிலில் கல்தளம் சுட்டெரிக்கும் என்பதால் தடித்த காலுறை ஒரு சோடி பையில் இருக்க வேண்டும். காலுறைக்குத் தடையில்லை.

புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்வது அவமதிப்பாகக் கருதப்படுகிறது. செல்ஃபியும் அதில் அடக்கம். சிலை மீதோ தூண் மீதோ ஏறுவது, சாய்வது தண்டனைக்குரியது. புத்தர் உருவத்தைப் பச்சைகுத்தியிருப்போர் அதை மறைக்க வேண்டும். இதற்காகவே 2014இல் ஒரு பிரித்தானியப் பயணி நாடு கடத்தப்பட்டார். புத்தர் உருவம் அச்சிட்ட உடைக்கும் இது பொருந்தும்.

தாதுகோபத்தை வலமாகச் சுற்ற வேண்டும். படைக்க வாங்கிய பூவை முகரக் கூடாது. பிக்குவின் அருகில் அமர நேர்ந்தால் அவரைவிடத் தாழ்வான இடத்தில் அமர்வது மரபு. பெண்கள் அவர் கையில் எதையும் நேரடியாகத் தருவதில்லை.

அநுராதபுரம்

நகரம் மிகப் பரந்தது. நடந்து முடிக்க இயலாது. சைக்கிள், ஓட்டோ அல்லது கார் தேவை. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முனைந்தால் பிற்பகலில் எல்லாத் தாதுகோபமும் ஒன்றுபோலவே தோன்றத் தொடங்கும். கீழ்க்காணும் வரிசை அந்தச் சலிப்பைத் தவிர்க்கும்.

1. காலை ஆறு மணிக்கு ஸ்ரீ மகா போதி. புத்தகயையில் புத்தர் ஞானம் பெற்ற மரத்தின் கிளையை மகிந்த தேரரின் சகோதரி சங்கமித்தை கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தார், அதுவே இம்மரம். மனிதர் நட்ட காலம் பதிவாகியுள்ள மரங்களில் உலகிலேயே பழமையானது இதுதான். பொன்தாங்கிகள் தாங்கும் மெல்லிய கிளைதான் மூல மரம்; சுற்றியிருப்பவை துணை மரங்கள். இதை முன்பே அறியாதவர்கள் பெரிய மரத்தை வணங்கிவிட்டுத் திரும்புகிறார்கள்.
2. அங்கிருந்து நடந்தே ருவன்வெலிசாய தாதுகோபம். வழியில் 1,600 கல்தூண்கள் நிற்பது லோவமகாபாய. ஒரு காலத்தில் பிக்குகளின் பல மாடி இல்லம். ருவன்வெலிசாயவைத் தொடங்கியவர் துட்டகைமுனு மன்னர், கி.மு. 2ஆம் நூற்றாண்டு. அவர் வென்ற தமிழ் மன்னன் எல்லாளன் இந்நகரை 44 ஆண்டு ஆண்டதாக மகாவம்சம் கூறுகிறது. பகைவனேயானாலும் அவன் நீதியை அந்நூல் மறைக்கவில்லை. இங்கே வழிகாட்டியிடம் இரு தரப்பையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.
3. துபாராமய. இலங்கையின் முதல் தாதுகோபம், சிறியது. சுற்றிலும் நிற்கும் தூண்கள் அதன் மேல் கூரை இருந்ததைக் காட்டுகின்றன. பத்து மணிக்குள் இவை மூன்றும் முடிந்துவிடும்.
4. ஜேதவனாராமய. மகாசேனன் என்னும் அரசன் கி.பி. 3ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. முதலில் சுமார் 122 மீட்டர் உயரம். கீசாவின் இரு பிரமிடுகளுக்கு அடுத்ததாகப் பழைய உலகின் உயர்ந்த கட்டடம். ஏறத்தாழ 9 கோடி செங்கல். இதன் அருகிலுள்ள அருங்காட்சியகத்தில் வெயில் நேரத்தைக் கழிக்கலாம்.
5. பகல் 12 முதல் 3 வரை ஓய்வு. இதைத் தவிர்ப்பவர்களே வெப்பத்தால் துவள்கிறார்கள்.
6. மாலையில் அபயகிரிப் பகுதி: சமாதி புத்தர் சிலை, குட்டம் பொகுண என்னும் இரட்டைக் குளம், சந்திரவட்டக்கல்.

சந்திரவட்டக்கல் என்பது படிக்கட்டின் அடியில் பதித்த அரைவட்டக் கல். யானை, குதிரை, சிங்கம், எருது நான்கும் அதில் வரிசையாக ஓடும். இந்த நான்கையும் ஒரு படமாவது எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பொலன்னறுவையில் அது தேவைப்படும்.

மிகிந்தலை

அநுராதபுரத்துக்குக் கிழக்கே 13 கிலோமீட்டர். தேவநம்பிய தீசன் என்னும் அரசன் மகிந்த தேரரைச் சந்தித்ததாகச் சொல்லப்படும் குன்று. மொத்தம் 1,840 படிகள். வாகனம் பாதி உயரம் வரை செல்வதால் முதியவர்கள் அங்கிருந்து ஏறலாம். உச்சியில் பாறை ஒன்றின் மேல் ஏற இரும்புக் கைப்பிடிகள் உண்டு. காற்று வீசும் நாளிலும் மழைக்குப் பின்னும் அந்தப் பாறையை விட்டுவிட வேண்டும். வெறுங்காலுடன் ஏறுவதால் வழுக்கும்.

பொலன்னறுவை

சோழர் அநுராதபுரத்தைக் கைப்பற்றியபின் ஆட்சியைப் பொலன்னறுவைக்கு மாற்றி, அதற்கு ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டனர். 1070இல் முதலாம் விஜயபாகு அவர்களை வெளியேற்றினான். 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகுவும் நிசங்கமல்லனும் இன்று காணும் நகரை எழுப்பினர். தமிழ் வாசகருக்கு இப்பயணத்தில் மிக நெருக்கமான இடம் இதுவே.

முதலில் அருங்காட்சியகத்துக்குச் செல்ல வேண்டும். கட்டடங்கள் முழுமையாக இருந்தபோது எப்படித் தோன்றியிருக்கும் என்பதைக் காட்டும் மாதிரிகள் அங்கே உள்ளன. அவற்றைப் பார்த்தபின் சென்றால் இடிந்த சுவர்கள் அரண்மனையாகத் தெரியும். இங்கிருந்த சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் சில கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன.

பின்னர் தெற்கிலிருந்து வடக்கே செல்வது எளிது. இடங்கள் ஒரே சாலையை ஒட்டி உள்ளன. சைக்கிள் மிகப் பொருத்தம். அரண்மனை வளாகத்தை விரைவாகக் கடந்து, தலதா (புத்தரின் பல்) முற்றத்தில் ஒரு மணி நேரமாவது நிற்க வேண்டும். அங்குள்ள வட்டதாகே என்னும் வட்டக் கட்டடத்தின் வாயிலில் உள்ள சந்திரவட்டக்கல்லில் எருதைத் தேடினால் கிடைக்காது. நந்தியைக் காலால் மிதிக்கலாகாது என்ற சைவ மரபு இக்காலத்தில் பரவியதே காரணம் என்பது பரவலான விளக்கம். அருகிலேயே நிசங்கமல்லனின் கல்பொத்த, ஏறத்தாழ எட்டு மீட்டர் நீளக் கல்வெட்டு. அதே முற்றத்தில் தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் நிற்கிறது: புத்தரின் பல் வைக்கப்பட்ட மாளிகையைக் காக்க வேளைக்காரப் படையினர் அளித்த உறுதிமொழி அது. பெரும்பாலான சுற்றுகளில் இதைக் காட்டாமலேயே நகர்ந்துவிடுவார்கள்; கேட்டுப் பார்க்க வேண்டும்.

முற்றத்துக்கு வடகிழக்கே இரண்டாம் சிவ தேவாலயம். ராஜேந்திர சோழனின் தாயார் வானவன் மாதேவியின் பெயரால் எழுந்த கோயில், முழுதும் கல். தஞ்சை வட்டாரத்து ஊர்க்கோயில் ஒன்றைப் பெயர்த்து வைத்ததுபோல் இருக்கும்.

கல் விகாரைக்குப் பிற்பகல் மூன்றரைக்குப் பின் செல்வது நல்லது. ஒரே பாறையில் நான்கு உருவங்கள்: அமர்ந்தவை இரண்டு, ஏழு மீட்டர் உயரத்தில் நின்றது ஒன்று, பதினான்கு மீட்டர் நீளத்தில் கிடந்தது ஒன்று. கைகளைக் குறுக்கே கட்டி நிற்பவர் ஆனந்தர் என்று முன்பு கருதப்பட்டது. புத்தரே என்பது இன்றைய பெரும்பான்மைக் கருத்து. கிடந்த சிலையின் தலையணையில் தலை அழுந்திய குழிவைச் சிற்பி வடித்திருப்பதைப் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும்.

எச்சரிக்கை: பொலன்னறுவையிலிருந்து ஹபரணை செல்லும் சாலையில் காட்டு யானைகள் கடக்கும். இருட்டும் முன் புறப்பட வேண்டும். யானை நின்றால் தூரத்திலேயே வண்டியை நிறுத்தி, ஒலிப்பானை அழுத்தாமல், இறங்காமல் காத்திருக்க வேண்டும். உணவு கொடுப்பது கூடவே கூடாது. குளங்களில் முதலை உண்டு. குளிக்க இறங்கக் கூடாது.

சிகிரியா

காட்டின் நடுவே சுமார் 200 மீட்டர் உயர்ந்து நிற்கும் பாறை. தந்தை தாதுசேனனைக் கொன்று அரியணை ஏறிய காசியப்பன் 477 முதல் 495 வரை இங்கிருந்து ஆண்டான். தென்னிந்தியாவுக்குத் தப்பிய தம்பி முகலன் படையோடு திரும்பியதும் அவன் ஆட்சி முடிந்தது.

1. வாயில் திறக்கும் நேரத்திலேயே வரிசையில் நிற்க வேண்டும். ஒன்பது மணிக்குப் பின் வெயிலும் நெரிசலும் கூடும்.
2. கீழுள்ள நீர்த்தோட்டங்களை இறங்கி வரும்போது பார்க்கலாம்.
3. சுமார் 1,200 படிகள். ஒருவருக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது வேண்டும். வழியில் கடை இல்லை.
4. சுழல் படிக்கட்டில் ஏறினால் ஓவியங்கள். அங்கே படம் எடுப்பது தடை. கைப்பேசியைப் பையில் போட்டுவிட வேண்டும்.
5. அடுத்து கண்ணாடிச் சுவர். பழங்காலப் பார்வையாளர் கீறிய கவிதைகள் அதில் உள்ளன. தொடுவதும் கீறுவதும் குற்றம்.
6. சிங்கப் பாதங்கள் உள்ள மேடையில் ஓய்வெடுக்கலாம். இதயநோயோ உயரப் பயமோ உள்ளவர்கள் அங்கேயே நின்றுவிடலாம்.

பாறையில் பெரிய குளவிக் கூடுகள் உள்ளன. கூச்சல் ஆகாது. கூடு கலைந்தால் கையை வீசாமல், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு இறங்க வேண்டும்.

தம்புள்ளை

நுழைவுச்சீட்டை ஏறும் முன் வாங்கிவிட்டதை உறுதிசெய்ய வேண்டும்; இல்லையெனில் மேலேயிருந்து இறங்கி மீண்டும் ஏற நேரும். ஐந்து குகைகள், நூற்றைம்பதுக்கு மேற்பட்ட புத்தர் சிலைகள், கூரை முழுதும் ஓவியம். கி.மு. 1ஆம் நூற்றாண்டில் நாடிழந்து ஒளிந்திருந்த வலகம்பா மன்னன், மீண்டும் அரசு பெற்றபின் இவற்றைக் கோயிலாக்கினான். கடைசிக் குகையிலிருந்து தொடங்கி முதல் குகைக்கு வந்தால் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் செல்லலாம். கண் இருட்டுக்குப் பழக இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். ஒளிவீச்சுடன் படம் எடுப்பது வண்ணத்துக்குக் கேடு. குரங்குகள் உணவுப் பையைப் பறிக்கும்.

உணவு பற்றி ஒரு குறிப்பு: சைவ உணவினர் பொல் சம்பலிலும் சில காய்கறிக் கறியிலும் மாசிக்கருவாடு சேர்ப்பது வழக்கம் என்பதை அறிந்திருக்க வேண்டும். 'மாசி போடாமல்' என்று முன்பே சொன்னால் செய்து தருவார்கள்.

கண்டி வரை, கண்டியில்

தம்புள்ளையிலிருந்து கண்டி சுமார் 72 கிலோமீட்டர். வழியில் மூன்று நிறுத்தங்கள் தகும். நாலந்தா கெடிகே, தென்னிந்தியக் கோயில் அமைப்பில் கல்லால் கட்டிய பௌத்த ஆலயம். நீர்த்தேக்கத்தில் மூழ்காதிருக்க 1980களில் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் மீண்டும் அடுக்கப்பட்டது. மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயில். அதற்குச் சற்று முன்பே அலுவிகாரை. வாய்மொழியாக இருந்த திரிபிடகம் கி.மு. 1ஆம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பட்ட இடமாக இது போற்றப்படுகிறது.

கண்டியில் புத்தரின் பல் உள்ள தலதா மாளிகையில் நாளுக்கு மூன்று பூசை: விடியற்காலை, காலை ஒன்பதரையளவில், மாலை ஆறரையளவில். மாலைப் பூசைக்கு ஒரு மணி நேரம் முன்பே உள்ளே சென்று மேல்மாடியில் நிற்க வேண்டும். பாதுகாப்புச் சோதனை கடுமை; பெரிய பையை அறையிலேயே விட்டுவர வேண்டும். பேழைதான் கண்ணில் படும். பூசையின்போது பல் வெளியில் எடுக்கப்படுவதில்லை. ஜூலை, ஆகஸ்டில் எசல பெரகெர விழாவின்போது வருவோர் இருக்கைச் சீட்டை முன்பே வாங்க வேண்டும்.

மறுநாள் காலை, மாளிகைக்கு எதிரே உள்ள நாத தேவாலயத்தையும் பத்தினி தேவாலயத்தையும் பார்க்க வேண்டும். பத்தினி தெய்வம் கண்ணகியே. சிங்களப் பெண்கள் விளக்கேற்றி வேண்டுவதை அங்கே காணலாம்.

அவசரத்துக்குக் காவல்துறை 119, ஆம்புலன்ஸ் 1990. இரண்டு எண்ணையும் முதல் நாளே கைப்பேசியில் பதிந்துகொள்ள வேண்டும்.

தலதா மாளிகையின் எண்கோண மண்டபத்தைக் கட்டிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கண்டியின் கடைசி அரசன், நாயக்கர் மரபினன். 1815இல் பிரித்தானியர் அவனைப் பிடித்து வேலூருக்கு அனுப்பினர். அங்கேயே 1832இல் இறந்தான். அவன் சமாதி வேலூரில் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்ற பெயரில் இருக்கிறது. கண்டியைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் தமிழ்நாட்டுப் பயணி அதையும் பார்த்துவிட வேண்டும்.